பதினொரு நாடுகளில் அண்ணை

ரூபன் அண்ணை இறந்து பத்தொன்பதாம் நாள், அவருக்கு ஐம்பது வயது நிறைந்துவிட்டது என்று சுகாதாரத் துறை அனுப்பிய பொதி வீட்டுக்கு வந்தது.

சின்னப் பொதிதான். உள்ளே ஒரு குச்சி, மூடியோடு ஒரு குழாய், திருப்பி அனுப்ப முகவரி எழுதிய உறை, ஒரு கடிதம். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு வீட்டிலேயே எடுத்து அனுப்பும் ஏற்பாடு. இருந்தால் கூப்பிட்டுக் கமரா விட்டுப் பார்ப்பார்கள். குடலில் சின்னதாக ஏதாவது சதை முளைத்திருந்தால் அன்றைக்கே வெட்டி எடுத்துவிடுவார்கள். வெட்டாமல் விட்ட சதைதான் வருடக்கணக்கில் வளர்ந்து புற்றுநோயாகிறது. அண்ணைக்கு நடந்ததும் அதுதான். அவருடைய மனைவி றஜிதா அண்ணி அந்தப் பொதியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படம் எடுத்து எங்கள் குடும்பக் குழுவில் போட்டிருந்தார். படத்துக்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது?

நாங்கள் நான்கு பேர், நான்கு நாடுகள். பெரியக்கா புவனேஸ்வரி ரொறன்ரோவில். குகன் அண்ணை சூரிச்சில். ரூபன் அண்ணை லண்டன் ஹரோவில். உயிரோடிருப்பவர்களில் கடைசியாகப் பிறந்த நான், தர்சிகா, ஒஸ்லோவில். ஞாயிறு பின்னேரம் நால்வரும் திரையில் கூடுவோம். மற்றக் குடும்பங்கள் காணிக்கும் கோயிலுக்கும் சண்டை பிடிக்கும். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் பிடிப்போம். யாருக்காவது தலையிடி என்றால் போதும். "சுவிஸிலை எண்டால் உடனை ஸ்கான் எடுத்திருப்பாங்கள்" என்று குகன் அண்ணை தொடங்குவார். "எடுப்பாங்கள், பேந்து நீ காப்புறுதிக்காரனுக்கு ஒரு வருசம் கடிதம் எழுது" என்பார் அக்கா. "கனடாவிலை அந்தக் கரைச்சல் இல்லை. ஸ்கானுக்கு நாள் வர முன்னம் தலையிடியே மாறிப்போடும்" என்று ரூபன் அண்ணை சிரிப்பார். நான் நோர்வேக்காக வாதாடுவேன். சொந்த நாட்டைப் பற்றிப் பெருமையடிக்க வழியில்லாமல் போனவர்கள், வந்து சேர்ந்த நாட்டின் ஆஸ்பத்திரியைப் பிடித்துக்கொண்டோம். இப்போது யோசித்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த ஞாயிறு யாரும் சிரிக்கவில்லை. திரையில் அண்ணையின் இடத்தில் அண்ணி இருந்தார்.

"ஆள் செத்தாப் பிறகு குச்சி அனுப்புறாங்கள்" என்றார் குகன் அண்ணை. "உதெல்லாம் ஒரு நாடு! சுவிஸிலை இருந்திருந்தா…"

"சுவிஸிலையும் அம்பதுதான் அண்ணை" என்றேன். பத்து வருடங்களுக்கு முன்பு பதினொரு பணக்கார நாடுகள் கூடி, இந்தப் பரிசோதனைகளுக்கெல்லாம் ஒரே வயதெல்லை வைத்துக்கொண்டன. 2032இல் கையெழுத்தான ஒப்பந்தம். அதற்குப் பிறகு ஒரு நாடு மற்ற நாட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டியதில்லை என்றார்கள்.

"அம்பதை விடுங்கோ" என்றார் அண்ணி. அவருடைய குரல் தேய்ந்துபோயிருந்தது. "மூண்டு வருசத்துக்கு முன்னமே இரத்தம் போகுது எண்டு டொக்டரிட்டைப் போனவர். டொக்டரின்ரை மிசின் கோப்பைப் பாத்திட்டு, உங்கடை வயசுக்கு இது மூலவருத்தமாத்தான் இருக்கும் எண்டு களிம்பு குடுத்து விட்டது. ஒரு வருசம் களிம்பு பூசினவர்."

அப்போதுதான் அக்கா கேட்டார். "தர்சி, உன்ரை கந்தோரிலை உள்ள சாமான் உண்மையிலை என்ன செய்யும்?"

இந்தக் கேள்வி வரும் என்று அண்ணைக்குப் புற்றுநோய் வருத்தம் என்று தெரிந்த நாளிலிருந்தே பயந்துகொண்டிருந்தேன்.

"ஒரு ஆளின்ரை மருத்துவக் கோப்பைக் குடுத்தால், அது பதினொரு நிழல் செய்யும் அக்கா. அதே வயசு, அதே உடம்பு, அதே குணம். ஒவ்வொரு நிழலையும் ஒவ்வொரு நாட்டிலை விடும். நிழலுக்கு அதே வருத்தம் வரும். அங்கத்தை டொக்டரிட்டைப் போகும், அங்கத்தை வரிசையிலை நிக்கும், அங்கத்தை மருந்தைக் குடிக்கும். கோடிக்கணக்கான ஆக்களின்ரை உண்மையான கோப்புகளை வைச்சுத்தான் அது கணிக்கிறது. கடைசியிலை, எந்த நாட்டிலை எண்டைக்கு வருத்தத்தைக் கண்டுபிடிச்சிருப்பினம், ஆள் இருக்கிறாரோ இல்லையோ எண்டு சொல்லும்."

"எவ்வளவு சரி?"

"உண்மையா வாழ்ந்த நாட்டின்ரை நிழலை வைச்சுச் சரி பாப்பம். பெரும்பாலும் ஒரு கிழமைக்குள்ளை வரும்."

அக்கா, "அப்ப அவனைப் போட்டுப் பார்" என்றார்.

எந்த நாட்டின் மருத்துவம் மேல் என்று அரசாங்கங்கள் தங்களுக்குள் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அந்தப் பொறியைக் கட்டினார்கள். வருடத்துக்கு ஒரு பட்டியல், முதலாவதாக வந்த நாட்டு அமைச்சர் படத்துக்குச் சிரிப்பார், அவ்வளவுதான். பிறகு யாரோ ஒரு தாய் வழக்குப் போட்டாள். நாடுகளை ஒப்பிடலாம் என்றால் என் மகனை ஒப்பிடக்கூடாதா என்று கேட்டாள். நீதிமன்றம் கூடும் என்றது. அதற்குப் பிறகு செத்தவர்களின் குடும்பங்கள் வரிசையில் வரத் தொடங்கின. முடிவை அவர்களுக்கு நேரில் இருந்து வாசித்துச் சொல்வதுதான் என் வேலை. பதினொரு நாட்டையும் அகரவரிசையில் வாசிக்க வேண்டும், இடையில் நிறுத்தக்கூடாது என்பது விதி. ஆனால் ஆள் உயிரோடிருக்கும் முதல் நாட்டிலேயே வந்தவர்களின் காது நின்றுவிடும். மிச்சத்தை நான் சுவருக்கு வாசிப்பேன். மனைவியை இழந்த ஒருவர், அவள் அவுஸ்திரேலியாவில் பிழைத்திருப்பாள் என்று கேட்டு, வீட்டை விற்றுவிட்டு அவுஸ்திரேலியாவுக்கே போய்விட்டார். அவளில்லாத அவுஸ்திரேலியாவில் அவருக்கு என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. கேட்பது என் வேலையில்லை.

சொந்தக்காரரின் கோப்பைத் தொடக்கூடாது என்று நான் வேலை செய்யும் நடுவத்தில் விதி கிடையாது. அப்படி ஒருத்தி செய்வாள் என்று விதி எழுதியவர்கள் நினைக்கவில்லைப் போலிருக்கிறது.

அடுத்த நாள் காலை அக்கா தனியாக அழைத்தார். அவருடைய முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அறுபத்து நான்கு வயதுக்காரி எண்பது வயதுக்காரி போலிருந்தார்.

"உனக்குத் தெரியுமோ தெரியாது. சண்டை முடிஞ்ச வருசம் அவன் கொழும்பிலை நிக்கேக்கை அத்தான் ஸ்பொன்சருக்கு எல்லாம் ஆயத்தம் செய்தவர். ரெண்டு வருசம் எடுக்கும் எண்டினம். அதுக்குள்ளை அவனைப் பிடிச்சுப் போடுவாங்கள் எண்டு நான் பயந்திட்டன். லண்டன் ஏஜென்சிக்காரன் ரெண்டு கிழமை எண்டான். நான்தான் லண்டனுக்கு அனுப்பு எண்டனான்."

"தெரியும் அக்கா."

"கனடாவுக்கு வந்திருந்தா அவன் இருந்திருப்பானோ? எனக்கு அது மட்டும் தெரிய வேணும். மற்ற நாடு ஒண்டும் வேண்டாம். கண்ணை மூடினால் அவன் எங்கடை வீட்டு பேஸ்மென்ரிலை இருந்து படியேறி வாறான்."

"இருந்திருப்பார் எண்டு வந்தால் என்ன செய்வியள்?"

"தெரியேல்லை" என்றார் அக்கா. "தெரியாமல் இருக்கிறதுக்கு அது பரவாயில்லை."

அது பொய். தெரியாமல் இருப்பதே மேல் என்பதை என் மேசைக்கு முன்னால் எத்தனையோ முகங்களில் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அக்கா கேட்டு நான் மறுத்த ஒரு விஷயம் இந்த உலகத்தில் இல்லை. அம்மாவுக்குப் பிறகு எங்களைக் கட்டி இழுத்தது அவர்தான். அண்ணியிடம் சம்மதக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கோப்பைத் திறந்தேன்.

கோப்பின் பெயர் நவரட்ணம் கபிலன்.

இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். கபிலன் எங்கள் தம்பி. எனக்கு ஒரு வயது இளையவன். கடைசிச் சண்டையில், பதுங்குகுழியிலிருந்து தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் செல் விழுந்து செத்துப்போனான். பதினேழு வயது. அம்மா எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியபோதும் எங்கள் பிறப்புப் பத்திரங்கள் இருந்த பையை மட்டும் விடவில்லை. அந்தப் பையில் தம்பியின் பத்திரமும் இருந்தது. இருபத்து மூன்று வயது இளந்தாரியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், பதினெட்டு நிரம்பாதவனை வைத்துக்கொள்வார்கள் என்று ஏஜென்சிக்காரன் சொன்னான். அக்கா கனடாவிலிருந்து அழைத்து, "தம்பியின்ரை பத்திரத்தைக் குடு. கபிலன் எண்டு சொல்லு" என்றார். ரூபன் அண்ணை கபிலனாக இறங்கினார். அவரோடு போன நண்பன் தன் உண்மையான வயதைச் சொன்னான். அவனைத் திருப்பி ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

ஆகவே அந்தப் பொய் அண்ணையின் உயிரைக் காப்பாற்றியது. எங்கள் ஆட்களில் இது புதினமுமில்லை. வீட்டுக்கு ஒருவர் இன்னொருவரின் பெயரில் இருக்கிறார்கள். முப்பத்து மூன்று வருடங்களாகத் தம்பியின் பிறந்தநாளுக்குத்தான் அண்ணை கேக் வெட்டினார். காகிதத்தில் நான் அவருக்கு மூத்தவள். எங்காவது படிவம் நிரப்பும்போது, "அக்கா, இதிலை ஒரு கையெழுத்துப் போடுங்கோ" என்று என்னை நக்கலடிப்பார். இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் அண்ணிக்கும் குடியுரிமை அந்தப் பெயரில்தான் வந்தது. பொய் பழகிவிட்டால் வீட்டுத் தளபாடம் மாதிரி, கண்ணில் படாது.

எனக்கும் கண்ணில் படவில்லை. பொறியை ஓடவிட்டேன்.

பதினொரு நிழலும் செத்தன.

நான் நம்பவில்லை. இந்த வருத்தத்துக்கு வழக்கமாக மூன்றோ நான்கோ நிழல்தான் சாகும். மிச்சம் பிழைத்து, வருடம் ஒருமுறை கமரா விட்டுப் பார்த்துக்கொண்டு புறுபுறுத்தபடி கிழமாகும். பதினொன்றும் சாவது என் பதின்மூன்று வருட வேலையில் இரண்டாம் முறை. இங்கிலாந்து நிழல் அண்ணையை விட மூன்று நாள் பிந்திச் செத்தது. கணிப்பு அவ்வளவு சரி. அந்த மூன்று நாளில் அது என்ன கதைத்திருக்கும் என்று ஒரு விசர் யோசனை வந்து, மேசையில் தலையை வைத்து அழுதேன்.

அழுது முடித்துப் பார்த்தபோது ஒன்று விளங்கியது. எல்லா நிழலுக்கும் தொடக்கம் ஒன்றேதான். எந்த நாட்டிலும் அவற்றுக்குப் பொதி வரவில்லை, ஐம்பது ஆகவில்லை. எந்த நாட்டு டொக்டரும், எந்த நாட்டு மிசினும், நாற்பத்தேழு வயது என்று பார்த்துவிட்டுக் களிம்பு கொடுத்தது. அண்ணைக்கு அப்போது நாற்பத்தேழு இல்லை. ஐம்பத்து மூன்று. நாற்பத்தேழு தம்பிக்கு. செத்துப்போன தம்பிக்கு.

பிறந்த திகதியை மாற்றினால் அது திருத்தமாகப் பதிவாகிப் பதினொரு நாட்டுக்கும் போய்விடும். அண்ணியும் பிள்ளைகளும் அவ்வளவுதான். ஆனால் புதிதாக வேலைக்கு வருபவர்களைப் பழக்குவதற்குப் பயிற்சிக் கோப்பு என்று ஒன்று உண்டு. இல்லாத ஆளை உண்டாக்கலாம். பெயர் தேவையில்லை. அண்ணையின் கோப்பை வரி வரியாக அதில் படியெடுத்தேன். பிறந்த திகதியில் மட்டும் 1986 ஜனவரி 9 என்று எழுதினேன். அந்தத் திகதியை எழுதியபோது ஏதோ களவு செய்வது போலிருந்தது.

பத்து நாட்டில் அண்ணை உயிரோடிருந்தார்.

ஒன்றில் மட்டும் காப்புறுதி மாறிய வருடத்தில் ஒரு கடிதம் தவறிப்போய் அவரும் போய்விட்டார். மற்றப் பத்திலும் ஐம்பதாவது வயதில், 2036இல், பொதி வந்தது. குச்சியைப் பார்த்து முகத்தைச் சுளித்திருப்பார், ஆனாலும் அனுப்பினார். ஒரு பின்னேரத்தில் இரண்டு சதையை வெட்டி எடுத்தார்கள். அன்றைக்கே வீட்டுக்குப் போனார். இங்கிலாந்திலும் அப்படித்தான். கனடாவிலும் அப்படித்தான். சுவிஸ், நோர்வே, எங்கும் அப்படித்தான். நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அடித்துக்கொண்ட அத்தனை நாடும் அண்ணையைக் காப்பாற்றியிருக்கும், அவர் யார் என்று தெரிந்திருந்தால்.

அந்தியேட்டிக்கு எல்லோரும் லண்டனுக்குப் போனோம். முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து, சனம் போய், மறுநாள் முற்பகல் வீட்டு விறாந்தையில் நாங்கள் நான்கு பேர் மட்டும் இருந்தோம். அக்கா, குகன் அண்ணை, றஜிதா அண்ணி, நான். என் பையில் இரண்டு முடிவுகளில் ஒன்றுதான் இருந்தது. மற்றதை அச்சிடவே இல்லை.

வாசித்தேன். அவுஸ்திரேலியாவில் நாலு மாதம் முந்திக் கண்டுபிடித்தார்கள், ஆனாலும் சாவு சில கிழமைகள்தான் தள்ளிப்போனது. இங்கிலாந்தில் நடந்தது நடந்தபடி. கனடா என்றதும் அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

"கனடாவிலை, நிபுணரைப் பாக்கிறதுக்குக் காத்திருந்த காலம் கூட. சாவு டிசம்பரிலை, இங்கையை விட ரெண்டு மாதம் முந்தி…" என்றேன்.

"முந்தியோ?" என்றார் அக்கா கண்ணைத் திறக்காமல்.

"ஓம் அக்கா. முந்தி."

அவருடைய நெஞ்சு ஏறி இறங்கியது. நான் நிறுத்தாமல் சுவிஸுக்குப் போனேன். அங்கே கமரா விரைவாகக் கிடைத்திருக்கும். ஆனால் செலவின் முதல் பங்கைத் தானே கட்ட வேண்டும் என்பதால் நிழல் எட்டு மாதம் போகாமல் இருந்துவிட்டது.

"அது அவன்தான்" என்றார் குகன் அண்ணை. சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். முப்பது வருடம் சுவிஸைத் தூக்கிப் பிடித்த மனிதர்.

பட்டியலில் கடைசியாக இருந்த பிரான்ஸ் வரை வாசித்து முடித்தேன். அண்ணி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப நான் ஒண்டும் பிழையா விடேல்லை, என்ன? வேறை டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போகேல்லையெண்டு ஒவ்வொரு நாளும்…" என்றார். நீங்கள் ஒன்றும் பிழையாக விடவில்லை அண்ணி என்றேன். அது உண்மை. அந்த வீட்டில் அன்று நான் முழுமனதோடு சொன்ன ஒரே உண்மை அதுதான்.

மத்தியானச் சமையலுக்கு அக்காவும் நானும் குசினிக்குப் போனோம். நான் கத்தரிக்காய் வெட்டினேன். அக்கா அரிசி கழுவினார். மூன்று தண்ணீர் மாற்றிய பிறகும் கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உது ஆரின்ரை வயசுக்குப் பாத்தது?" என்றார்.

கத்தி நின்றது.

"நீ வாசிக்கேக்கை நாப்பத்தேழு எண்டாய். அது கபிலனுக்கு. ரூபன்ரை வயசுக்குப் பாத்தனியோ?"

எனக்கு விளங்கியது. அக்கா அதைக் கண்டுபிடித்துவிட்டார். இனி அவர் கண்ணை மூடினால் பேஸ்மென்ற் படி வராது, கொழும்புத் தொலைபேசி வரும். தம்பியின்ரை பத்திரத்தைக் குடு என்று சொன்ன தன் குரல் வரும். அது அண்ணையைக் காப்பாற்றிய குரல். அந்தக் குரலுக்காக அவரைச் சாகவிட எனக்கு மனமில்லை. பதின்மூன்று வருடமாக எத்தனையோ பேருக்குக் குரல் நடுங்காமல் வாசித்தவள் நான். அந்தத் தொழில் இதற்காவது உதவட்டும் என்று நினைத்தேன்.

"பாத்தனான் அக்கா. ஒருத்தருக்கும் தெரியாமல், பெயரில்லாமல் போட்டுப் பாத்தனான். அதுவும் இப்பிடித்தான்."

"பதினொண்டிலையும்?"

"பதினொண்டிலையும். அது கெட்ட சாதி வருத்தம். முந்திப் பாத்திருந்தாலும் பிடிபட்டிராது."

அக்கா அரிசிச் சட்டியை அப்படியே வைத்தார். குசினி நிலத்தில் மெதுவாக, அலுமாரியில் சாய்ந்து உட்கார்ந்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் தோளில் தலையைச் சாய்த்தார். அம்மாவைத் தவிர யார் தோளிலும் அவர் சாய்ந்து நான் பார்த்ததில்லை. எவ்வளவு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று ஒரு கணம் நிம்மதியாக இருந்தது.

"இப்ப சொல்லலாம்" என்றார். "இனிச் சொன்னால் குற்றமில்லை."

"என்னத்தை?"

"ஆறு வருசத்துக்கு முன்னம் அவன் எனக்குப் போன் எடுத்தவன். அவன்ரை உண்மையான பிறந்தநாளண்டு. அம்பது. அந்த வருசம்தான் உந்தப் பொதி கூட வேலை செய்யிற ஒருத்தனுக்கு வந்து, கமரா விட்டு ஏதோ எடுத்தவையாம். 'அக்கா, எனக்கும் இண்டைக்கு அம்பது. நான் டொக்டரிட்டை உண்மையைச் சொல்லட்டே? அவர் நல்ல மனிசன். ஆருக்கும் சொல்லாமல் ஒரு டெஸ்ட் எழுதித் தருவார் போல கிடக்கு' எண்டு கேட்டவன்."

அக்கா ஈரக் கையைத் துடைத்தார்.

"நான் ஏசிப்போட்டன் தர்சி. உனக்கென்ன விசரோ எண்டன். டொக்டர் மிசினிலை தட்டினால் எல்லாம் போச்சு, பிள்ளையளைத் திருப்பி ஏத்திப்போடுவாங்கள் எண்டன். உனக்கு ஒரு வருத்தமும் இல்லையே, ஆறு வருசம் பொறு, கடிதம் தானா வரும் எண்டன். அவன், 'சரியக்கா, நீங்கள் சொன்னால் சரி' எண்டான். அதுக்குப் பிறகு அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை. இரத்தம் போகத் தொடங்கினாப் பிறகும் எனக்குச் சொல்லேல்லை."

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. விறாந்தையில் குகன் அண்ணை மூக்கைச் சீறும் சத்தம் கேட்டது.

"அதுதான் என்னைத் தின்னுகொண்டிருந்தது. கனடா எண்டு சொன்னதெல்லாம்… அதைக் கேட்க எனக்குப் பயம். அதாலை கனடாவைப் பற்றிக் கேட்டனான்." அக்கா என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். "அண்டைக்கு நான் ஓம், போய்ச் சொல்லு எண்டு சொல்லியிருந்தாலும் ஒண்டும் நடந்திராது, என்ன?"

அந்தக் கணத்தில் அக்காவை நான் வெறுத்தேன். மறைக்க ஒன்றுமில்லை, வெறுத்தேன். 2009இல் சொன்னது வேறு. அப்போது துவக்கு இருந்தது, சாவு வாசலில் நின்றது. 2036இல் என்ன இருந்தது? ஒரு நல்ல டொக்டரும் ஒரு பின்னேரமும் போதும். அண்ணை வாய் திறந்து கேட்டிருக்கிறார். ஐம்பது வயது மனிதர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், சின்னப் பெடியன் மாதிரி அனுமதி கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டில் அக்கா சொன்னால் சொன்னதுதான். நான் எப்படி மறுக்காமல் கோப்பைத் திறந்தேனோ, அப்படியே அவரும் மறுக்காமல் வாயை மூடிக்கொண்டார். முதலில் இதைச் சொல்லியிருந்தால் நான் அந்தப் பொய்யைச் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. ஆனால் சொல்லிவிட்டேன். இப்போது அதைத் திரும்ப எடுத்தால் என்ன மிஞ்சும்? அண்ணையும் இல்லை, அக்காவும் இல்லை.

"சொல்லன்" என்றார் அக்கா. அவருடைய கை என் முழங்காலை இறுக்கியது. "ஒண்டும் நடந்திராதுதானே?"

"ஓம் அக்கா" என்றேன். "ஒண்டும் நடந்திராது."

என் குரல் நடுங்கவில்லை.

சமையல் முடிய ஒன்றரை மணி ஆனது. முப்பத்தொரு நாளாக அக்கா தேத்தண்ணியோடும் இரண்டு பிஸ்கட்டோடும் காலம் தள்ளுகிறார் என்று அத்தான் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார். அன்று அக்கா மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். கத்தரிக்காய்க் குழம்பு நல்லாயிருக்கு என்றார். அண்ணியையும் சாப்பிடச் சொல்லி ஏசினார். குகன் அண்ணைக்குத் தயிர் எடுத்துக் கொடுத்தார். பழைய அக்கா திரும்பி வந்துவிட்டார்.

"தர்சி, இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்று தட்டை நீட்டினார்.

போட்டேன்.